கணிப்பொறிக்காரர் சொன்ன புத்தகங்கள்

பெங்களூரில் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எங்கள் ஊர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர், தவறவிடக் கூடாத படங்கள் என்று 15 படங்களையும், தமக்குப் பிடித்த நூல்கள் என்று 10 நூல்களையும் எழுதி நண்பர்களுக்கு அனுப்பியிருந்தார். கை மாறிக் கை மாறி அது எங்கள் முதுகலை மாணவர்களிடம் வந்து சேர்ந்தது. நடந்தது இவ்வளவுதான். ஆனால் தமிழ்த்துறை ஆசிரியர் அறையில் அன்று எழுந்த கொந்தளிப்பைப் பார்த்தவர்கள், தொல்காப்பியத்தில் யாரோ இடைச்செருகல் செய்துவிட்டார்கள் என்றே நினைத்திருப்பார்கள். நிரல் எழுதத் தெரிந்தவனுக்கு நூல் நயம் எப்படித் தெரியும், இலக்கியத்தைப் பரிந்துரைக்க இவனுக்கு யார் உரிமை கொடுத்தது, நாம் எதற்காக இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பவை அந்த ஆவேசத்தின் சாரம். கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு அவர்கள் விடை தேடாமல் தேநீர் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டதால், நான் தேட வேண்டியிருக்கிறது.

அந்தப் பட்டியல்மீது எனக்கும் கடுமையான புகார் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் என் சக ஆசிரியர்களின் புகாரைத் தீர்த்துவிடுவது நல்லது, ஏனெனில் அது இந்த மண்ணின் இலக்கிய வரலாற்றையே அறியாத புகார்.

கோவில்பட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது இடைசெவல். அங்கே பிறந்த கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பையே முடிக்காத சம்சாரி. 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தவர் அவர். எந்தப் பல்கலைக்கழகத் துறையும் அதற்கு முன்னால் இந்தக் காட்டின் சொற்களைப் பொறுக்கி எடுத்து அகரவரிசையில் அடுக்கும் வேலையைச் செய்திருக்கவில்லை. பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது வேறு கதை. அதே தெருக்காட்டில் வளர்ந்த கு. அழகிரிசாமி பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்துவிட்டுப் பத்திரிகை வேலைக்குப் போனவர். கோவில்பட்டிக் கவிஞர் தேவதச்சன் நகைக்கடை வைத்திருந்தவர். சோ. தர்மன் பஞ்சாலைத் தொழிலாளி. பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரி. ச. தமிழ்ச்செல்வன் அஞ்சல் துறை ஊழியர். கரிசல் இலக்கியம் என்று நாம் வகுப்பில் பெருமையோடு கரும்பலகையில் எழுதும் பெயர்களில் தமிழாசிரியர் வேலையால் சோறு தின்றவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணி முடிக்க அதிக நேரம் ஆகாது.

எழுதியவர்கள் மட்டும் அல்ல, எடுத்துச் சொன்னவர்களும் அப்படித்தான். இடைசெவல் இளைஞர்கள் இருவருக்கும் கம்பனின் சுவையைக் காட்டியவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். அவர் படித்தது சட்டம். திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் நடந்தது என்ன? ஒரு மனிதர் தமக்குப் பிடித்த பாடலை மற்றவர்களுக்குச் சொன்னார், அவர்களுக்கும் பிடிக்கும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார். பாட்டைத் திருத்தினார், பாடபேதங்களைத் தம் விருப்பப்படி ஒதுக்கினார் என்று பண்டிதர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். பாய்ந்ததில் நியாயம் இருந்தது. ஆனாலும் கம்பன் அந்தக் காலத்து இளைஞர்களிடம் போய்ச் சேர்ந்தது ரசிகமணி வழியாக.

பொறியாளருக்கே வருவோம். பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த சுஜாதா, கணையாழியின் கடைசிப் பக்கத்தில் பல்லாண்டுக் காலம் தாம் படித்ததையும் பார்த்ததையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்ட கைதான் அது. பின்னாளில் ஆனந்த விகடனில் ‘கற்றதும் பெற்றதும்’ எழுதியபோதும் அவர் செய்தது அதே காரியம். ஒரு வாரம் ஆழ்வார், மறு வாரம் ஒரு புதுக்கவிஞரின் மெல்லிய தொகுப்பு, அடுத்த வாரம் ஏதோ ஓர் அறிவியல் புத்தகம். ஒரு வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார், ஆழம் இல்லை, சாமர்த்தியம் மிகுதி என்பது என் கருத்து. ஆனால் 2008இல் அவர் இறந்தபோது, தாங்கள் முதன்முதலாக வாங்கிய கவிதைத் தொகுப்பு அவர் சொல்லி வாங்கியது என்று சொன்னவர்கள் எத்தனை பேர் என்பது நமக்கெல்லாம் தெரியும். எங்களில் ஒருவர் இறந்தால் அப்படிச் சொல்ல நான்கு பேர் இருப்பார்களா?

விதிவிலக்குகள் உண்டு, மறைக்க விரும்பவில்லை. சிவகங்கையில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த கவிஞர் மீரா, அன்னம் பதிப்பகத்தைத் தொடங்கி கி.ரா.வை அச்சில் பரப்பினார். பாளையங்கோட்டையில் தொ. பரமசிவன் வகுப்பறைக்கு வெளியேயும் மாணவர்களை வைத்திருந்தார். இவர்களைப் பேராசிரியர் குலத்தின் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் எங்களுக்குச் சுகம் இருக்கிறது. அவர்கள் சம்பளத்துக்கு அப்பால் செய்ததைக் காட்டி நாம் சம்பளத்தை நியாயப்படுத்திக்கொள்கிறோம்.

மற்றவர்களாகிய நாம் என்ன பரிந்துரைக்கிறோம்? பட்டியல்தான். மென்பொருளாளரின் பட்டியலைப் பார்த்துச் சிரிக்கும் துறைகள், இந்த நாட்டிலேயே மிகப் பெரிய பட்டியல் தொழிற்சாலைகள். நூல் ஒரு பக்கம், ஆசிரியர் ஒரு பக்கம், பொருத்துக. பரிசு பெற்ற ஆண்டு ஒரு பக்கம், நாவல் ஒரு பக்கம், பொருத்துக. 2012 முதல் தேசியத் தகுதித் தேர்வின் எல்லாத் தாள்களும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வந்துவிட்ட பிறகு, கல்லூரி ஆசிரியர் ஆவதற்கு ஒரு பத்தி எழுதிக்காட்ட வேண்டிய தேவையே அந்தத் தேர்வில் இல்லாமல் போயிற்று. ‘வெக்கை’ பூமணி எழுதியது, ‘சூல்’ சோ. தர்மன் எழுதியது, ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991இல் சாகித்திய அகாதெமி பெற்றது என்று இமைக்காமல் சொல்லும் மாணவியை எனக்குத் தெரியும். கெட்டிக்காரப் பெண். மூன்றில் ஒன்றையும் அவர் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையில்லை என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது நாம். அவருடைய அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். வீட்டில் முதல் பட்டதாரி அவர். அவருக்குப் புத்தகம் எடுத்துக்கொடுக்க வீட்டில் அண்ணனோ சித்தப்பாவோ கிடையாது. யாரோ ஒருவர் வெளியிலிருந்து சொல்ல வேண்டும். சொன்னது ஒரு கணிப்பொறிக்காரர். அந்த இடம் காலியாகக் கிடந்ததால் அவர் வந்து உட்கார்ந்தார். காலியாக விட்டவர்கள் யார் என்பதுதான் ஆசிரியர் அறையில் பேசப்பட்டிருக்க வேண்டிய விஷயம்.

பட்டியல் போடுவதே கீழான செயல் என்று இன்னொரு வாதம் வந்தது. அதுவும் பழைய வாதம். க.நா.சுப்ரமண்யம் வாழ்நாள் முழுவதும் இந்த வசையைச் சுமந்தார். கைலாசபதி போன்றவர்கள் சமூகவியல் நோக்கில் திறனாய்வை வளர்த்தெடுத்தபோது, க.நா.சு.வின் ரசனை வழி அவர்களுக்கு வெறும் தனிமனித விருப்பு வெறுப்பாகத் தெரிந்தது. போதாக்குறைக்கு அவருடைய பட்டியல் அவ்வப்போது மாறவும் செய்யும். இன்று இருந்த பெயர் ஆறு மாதம் கழித்து இருக்காது. கேலி செய்ய வசதியாக இருந்தது. ஆனால் ‘படித்திருக்கிறீர்களா?’ என்று ஒரு புத்தகத்துக்குத் தலைப்பு வைத்த மனிதரின் மனத்தை எண்ணிப் பாருங்கள். அது தீர்ப்பு அன்று, விசாரிப்பு. வழியில் பார்த்தவரைச் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பதுபோலக் கேட்கிறார். அவர் மொழிபெயர்த்ததும் அதே கேள்வியின் தொடர்ச்சிதான். நட் ஹாம்சனின் ‘நிலவள’த்தை அவர் தமிழுக்குக் கொண்டுவரவில்லை என்றால், தரிசு நிலத்தைத் தனியாளாகத் திருத்தும் அந்த நார்வே விவசாயியை நம் ஊர்க்காரன் எப்படிச் சந்தித்திருப்பான்? காட்டைக் கொளுத்தி, வேர் பறித்து, கரிசலைக் கழனியாக்கிய கோபல்ல கிராமத்து மனிதர்களையும் அந்த ஐசக்கையும் அருகருகே நிறுத்திப் பார்க்கும் வாய்ப்பு, யாரோ ஒருவரின் தனிப்பட்ட விருப்பத்தால் நமக்குக் கிடைத்த வாய்ப்பு.

பின்னால் வந்தவர்களும் இதைச் செய்தார்கள். மல்லாங்கிணறு என்ற கரிசல் ஊரிலிருந்து போன எஸ். ராமகிருஷ்ணன், ஆனந்த விகடனில் ‘கதாவிலாசம்’ எழுதி வாரம் ஒரு தமிழ்ச் சிறுகதையாளரை லட்சக்கணக்கான வீடுகளுக்குள் அழைத்துச் சென்றார். செழியன் அதே இதழில் உலக சினிமாவை எழுதினார். தொலைபேசித் துறையில் பணியாற்றிய ஜெயமோகன் ‘நவீனத் தமிழிலக்கிய அறிமுக’த்தின் இறுதியில் பட்டியல்களையே இணைத்தார். அவற்றோடு சண்டை போடலாம். போட்டிருக்கிறோம். சண்டை போடுவதற்காகவாவது விடுபட்ட நூலைத் தேடிப் படித்தோம். கோவில்பட்டியிலிருந்து வந்த ‘கல்குதிரை’ தஸ்தயெவ்ஸ்கிக்கும் மார்க்வெசுக்கும் சிறப்பிதழ் போட்டதைக் கேட்டு எந்தப் பாடத்திட்டக் குழு உத்தரவிட்டது?

ஆகவே, கணிப்பொறிக்காரருக்கு உரிமை இருக்கிறதா என்ற கேள்வியை மூடிவிடலாம். இருக்கிறது. தாராளமாக இருக்கிறது. இனி அவரிடம் என் வழக்கு.

அவர் தம் பட்டியலுக்குத் ‘தனிப்பட்ட பரிந்துரை’ என்று தலைப்பு வைத்திருந்தார். அதில் தனிப்பட்டது எதுவும் எனக்குத் தென்படவில்லை. காட்ஃபாதர், ஷாஷாங் ரிடெம்ப்ஷன், பைசைக்கிள் தீவ்ஸ், சில்ட்ரன் ஆஃப் ஹெவன், பாரசைட். புத்தகங்களில் பொன்னியின் செல்வன், ஆல்கெமிஸ்ட், சேப்பியன்ஸ். இவற்றில் சில மகத்தான ஆக்கங்கள். ஆல்கெமிஸ்டைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம், அது இங்கே வேண்டாம். என் கேள்வி இதுதான்: கோவில்பட்டித் தாலுகாவில் பிறந்து வளர்ந்தவர் போட்ட பட்டியலுக்கும், டொரண்டோவிலோ ஜகார்த்தாவிலோ இருக்கும் இன்னொரு மென்பொருளாளர் போட்ட பட்டியலுக்கும் என்ன வேறுபாடு? பெயரை அழித்துவிட்டால் யாருடையது என்று சொல்ல முடியுமா? ஒவ்வொரு படத்துக்கு எதிரிலும் 5க்கு 4.5, 5க்கு 5 என்று மதிப்பெண் வேறு. நாங்கள் விடைத்தாளுக்குப் போடுவதுபோல.

இது எப்படி நேர்கிறது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், அவருடைய தொழிலே அது. இன்று உலகம் முழுவதும் படங்களுக்கு மதிப்பெண் பார்க்கும் ஐஎம்டிபி, 1990இல் கோல் நீதம் என்ற ஆங்கிலேய நிரலாளரின் சொந்த ஆர்வத்திலிருந்து பிறந்தது. சிறு வயது முதல் தாம் பார்த்த படங்களின் விவரத்தைக் குறித்துவைக்கும் பழக்கம் உடையவர் அவர். தம்மைப் போன்ற சினிமாப் பித்தர்களின் பட்டியல்களோடு அதைச் சேர்த்துத் தேடக்கூடியதாக ஆக்கினார். பித்து பிடித்த ஒருவரின் நோட்டுப் புத்தகம் அது. 1998இல் அமேசான் அதை வாங்கிக்கொண்டது. வாசகர்கள் படித்த நூல்களைப் பகிர்ந்துகொள்ள 2007இல் தொடங்கப்பட்ட குட்ரீட்ஸையும் அதே அமேசான் 2013இல் வாங்கியது. இடையில் நெட்ஃப்ளிக்ஸ் 2006இல் ஒரு போட்டி அறிவித்தது. தன் பரிந்துரைக் கணக்கைப் பத்து விழுக்காடு துல்லியமாக்குபவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு. மூன்று ஆண்டுகள் உலகின் சிறந்த மூளைகள் பல அந்தக் கணக்கைப் போட்டன, 2009இல் ஒரு குழு பரிசையும் பெற்றது.

அந்தக் கணக்கின் அடிப்படையைத் தமிழாசிரியனாலும் புரிந்துகொள்ள முடியும். உனக்குப் பிடித்த பத்துப் படங்களில் எட்டு இன்னொருவனுக்கும் பிடித்திருந்தால், அவனுக்குப் பிடித்த ஒன்பதாவது படம் உனக்கும் பிடிக்கும் என்று ஊகிப்பது. பல கோடிப் பேரின் விருப்பங்களை இப்படி ஒப்பிட்டால் ஊகம் பெரும்பாலும் பலிக்கும். பலிக்காத இடம் ஒன்று உண்டு. யாரும் மதிப்பெண் போடாத ஆக்கத்தை இந்த முறையால் கண்டுபிடிக்கவே முடியாது. ஐந்நூறோ ஆயிரமோ பிரதி அச்சாகி, நூலகத்தின் அடித்தட்டில் கிடக்கும் ஒரு தமிழ் நாவலுக்கு முந்நூறு பேர் நட்சத்திரம் குத்தப் போவதில்லை. எனவே அந்தக் கணக்கைப் பொறுத்தவரை அப்படி ஒரு நாவல் எழுதப்படவே இல்லை. பொறி செய்ய முடியாத அந்த ஒரு வேலையைச் செய்யத்தான் மனிதர் தேவைப்படுகிறார். பொறியின் உள்ளே பார்த்த மனிதர், பொறி ஏற்கெனவே ஆயிரம் முறை சொல்லிவிட்ட பெயர்களையே தம் கையெழுத்தில் நகல் எடுத்து அனுப்புகிறார் என்றால், அவரை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? காட்ஃபாதரைப் பார்க்கச் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டுமா?

ஒரு தமிழ் நாவல் மட்டும் இந்த மண்ணிலிருந்து அவர் பட்டியலில் இருந்தது. வெக்கை. எதிரே ஒரு குறிப்பு: அசுரன் படத்தின் மூலக்கதை. அவ்வளவே.

1982இல் வெளிவந்த நாவல் 37 ஆண்டுகள் காத்திருந்து, 2019இல் வெற்றிமாறன் படம் எடுத்த பிறகு, அந்தப் படத்தின் வால்போல ஒட்டிக்கொண்டு அவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. படத்தால் நாவலுக்குப் புதிய வாசகர்கள் கிடைத்தார்கள், மறுக்கவில்லை. தேசிய விருதுகளும் வந்தன. ஆனால் இரண்டையும் படித்து, பார்த்து முடித்த ஒருவர் ‘மூலக்கதை’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்ள முடியாது. பூமணியின் நாவல் பதினைந்து வயதுப் பையன் செய்துவிட்ட கொலையில் தொடங்கி, அவனும் தகப்பனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் சில நாட்களில் முடிந்துவிடுகிறது. தகப்பனின் கடந்த காலம் நாவலில் பேச்சு வாக்கில் வரும், அதுவும் பையன் கேட்டால். படத்தில் அந்தக் கடந்த காலம் குடிசைகள் எரியும் தனிக் கதையாக வளர்ந்து, பாதிப் படத்தை ஆக்கிரமித்துக்கொள்கிறது. படத்தில் தகப்பன் நாயகன். நாவலில் வெயில் நாயகன், அடுத்த வேளைச் சோறு நாயகன். எந்தச் செடியின் கிழங்கைத் தோண்டித் தின்னலாம், எந்தப் பாறையிடுக்கில் தண்ணீர் கிடக்கும் என்று அறிந்த மனிதர்களின் அறிவு அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. சாதிப் பெயரைச் சொல்லாமலே சாதியை எழுதிய நாவல் அது. இதைக் கரிசலில் பிறந்த வாசகர் சொல்லாமல் வேறு யார் சொல்லுவது?

இன்னும் ஒன்று. அவர் சில்ட்ரன் ஆஃப் ஹெவனுக்கு ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார். மஜித் மஜிதியின் 1997ஆம் ஆண்டுப் படம், நானும் வகுப்பில் திரையிட்டிருக்கிறேன். அது எப்படித் தொடங்குகிறது என்பது அவருக்கு நினைவிருக்கும். செருப்புத் தைப்பவரின் கைகள். பிய்ந்துபோன ஒரு சிறுமியின் காலணியை அவை தைத்துக்கொண்டிருக்கும். முகம் தெரியாது, கை மட்டும். பிறகு காலணி தொலைந்துவிடுகிறது, கதை அண்ணன் தங்கையோடு போய்விடுகிறது, அந்தக் கைகளை நாம் மறந்துவிடுகிறோம். அந்தக் கைக்குச் சொந்தக்காரனின் வாழ்வைத் தமிழில் ஒருவர் நாவலாக எழுதியிருக்கிறார், அதுவும் அவருடைய வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு. பூமணியின் ‘பிறகு’, 1979. அழகிரி என்ற தோல் தொழிலாளி ஓர் ஊருக்கு வந்து, அந்த ஊரின் செருப்பையும் இறவைக்கான தோல் சாமான்களையும் தைத்துக்கொண்டே மூப்படைகிறான். நாடு சுதந்திரம் அடைகிறது, ஊருக்குள் மாற்றங்கள் வருகின்றன, அவனுக்கு என்ன வந்தது என்பதை ஆர்ப்பாட்டம் இல்லாமல் சொல்லிப் போகும் நாவல். தெஹ்ரான் படத்தின் முதல் காட்சியையும் இந்த நாவலையும் சேர்த்துச் சொல்ல முடிந்த வாசகன் உலகத்தில் எங்கே இருப்பான்? இங்கேதான் இருப்பான். மழைக்காலத்தில் கரிசல் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு காலைத் தூக்கவிடாமல் செய்வதையும், சித்திரையில் அதே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதையும் நடந்து அறிந்தவனாக இருப்பான். அவன் எழுத வேண்டிய வரியை எழுதாமல் ஐந்துக்கு ஐந்து என்று போடுவதை நான் சோம்பேறித்தனம் என்கிறேன். அடக்கம் என்று சிலர் சொல்லக்கூடும்.

படங்களிலும் இதே கதை. தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் தேய்ந்ததைப் பற்றி பூமணியே இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தயாரிப்பில் வந்தது. கி.ரா.வின் ‘கிடை’யை அம்ஷன் குமார் 2003இல் ‘ஒருத்தி’ என்று படமாக்கினார். சிவகாசிப் பகுதியின் சிறார் உழைப்பைச் சலம் பென்னுர்கர் 1990இல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படமாகப் பதிவு செய்தார். விடியும் முன்னே ஊர் ஊராக வந்து குழந்தைகளை ஏற்றிக்கொண்டுபோன தீப்பெட்டி ஆபீஸ் வண்டிகளை நேரில் கண்ட தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. பெட்டி ஒட்டியும் குச்சி அடுக்கியும் வந்த கூலியில் படித்தவர்கள் இன்று பெங்களூரிலும் சென்னையிலும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஈரானியக் குழந்தைக்காகக் கண்ணீர் விடுவது நல்லது. அந்தக் கண்ணீர் ஒருமுறையாவது தன் தெருப் பக்கம் திரும்ப வேண்டாமா?

கிடைப்பதில்லையே, என்ன செய்ய என்பார். படங்களைப் பொறுத்தவரை இந்தப் பதிலை ஏற்கிறேன். அரசு நிறுவனம் எடுத்த படத்தைப் பார்க்க வேண்டுமானால் யாரைக் கேட்பது என்றே தெரியாத நிலைமை வெட்கக்கேடு. அதற்கு அவர் பொறுப்பல்ல. ஆனால் தேடித்தரும் பொறிகளோடு பழகிய ஒருவர் ‘இந்தப் படத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன், யாரிடமாவது இருக்கிறதா’ என்று பட்டியலில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். பார்த்த படங்களின் பட்டியலைக் காட்டிலும் தேடும் படங்களின் பட்டியல் எனக்கு ஒரு மனிதரை நன்றாகக் காட்டும். புத்தகங்களைப் பொறுத்தவரை இந்தப் பதில் செல்லாது. ‘பிறகு’, ‘வெக்கை’ இரண்டையும் காலச்சுவடு மறுபதிப்பாகக் கொண்டுவந்திருக்கிறது. ‘சூல்’ 2019இல் அகாதெமி விருது பெற்று எல்லாக் கடைகளிலும் அடுக்கப்பட்டது. உருளைக்குடிக் கண்மாய் எப்படிச் செத்தது என்று அறிய விரும்புகிறவர் இருநூற்றுச் சொச்சம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டும் வாங்கிப் படிக்கலாம்.

இதையெல்லாம் சொன்னபோது துறையில் ஒருவர், அப்படியானால் உம் பட்டியலைத் தாரும் என்றார். கேலியாகக் கேட்டார் என்பது தெரிந்தும் தருகிறேன். பட்டியல் நீளமானது அல்ல. ஒரே கதைதான். கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’.

பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுப்பவர். குழந்தைகள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள், பிடுங்குவார்கள், சண்டை போடுவார்கள். புது வருஷத்துக்கு அவர்களில் இரண்டு பேருக்கு மட்டும் நாட்குறிப்பேடு கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கிடைக்கவில்லை. அவன் அழவில்லை, கேட்கவும் இல்லை. அவரை ஒருநாள் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் உபசரிக்கிறான். பிறகு தானே தேடி வைத்திருந்த ஒரு நாட்குறிப்பேட்டை எடுத்து நீட்டி, அதில் தனக்கு அவர் அன்பளிப்பாகக் கொடுத்ததாக எழுதித் தரச் சொல்லுகிறான். கதை அங்கே முடிந்துவிடும். 1970ஆம் ஆண்டின் அகாதெமி விருதுக்குரிய தொகுப்பின் தலைப்புக் கதை என்று நம் மாணவர்கள் இதைப் பொருத்துக வரிசையில் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். விடை சரியாகவும் இருக்கும்.

எனக்கு இதை யாரும் வகுப்பில் சொல்லித் தரவில்லை. பேருந்து நிலையத்துப் பழைய புத்தகக் கடைக்காரர் எடுத்துக்கொடுத்தார். அவர் எட்டாம் வகுப்புவரை படித்தவர். ‘இதெப் படிச்சிட்டு வாங்க, பெறகு பேசுவோம்’ என்று மட்டும் சொன்னார், நட்சத்திரம் எதுவும் போடவில்லை. கதையைப் படித்தபோது நான் அந்தப் பத்திரிகைக்காரரை நினைக்கவில்லை. புத்தகம் யார் யாருக்கெல்லாம் கொடுக்கப்படவில்லை என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பெங்களூர் நண்பருக்கு இந்தக் கதையின் பிரதி ஒன்றை அனுப்பியிருக்கிறேன். ஆசிரியர் அறை மேசைமீதும் ஒன்று ஒரு வாரமாக இருக்கிறது. பதினைந்து நிமிடத்தில் படித்துவிடலாம்.